முள் பதினொன்றில் நின்றது

கொழுப்பு டப்பா காலியாகி ஒரு வாரம் ஆகப்போகிறது. டெல்மர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் நடந்தது இது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பா அது. காலையில் பன்றி இறைச்சி வறுத்து வழித்து ஊற்றி ஊற்றி, வெள்ளையாய் உறைந்து நின்ற கொழுப்பு. அதை அவன் பெண்டாட்டி நெல்டா கொல்லைக்கு எடுத்துப் போய், கத்தியால் சுரண்டி, களைச்செடிக்குள் கொட்டிவிட்டு வந்தாள். பெட்ரோல் பங்க் கடையில் புருஷன் உட்கார்ந்து, கொழுப்புக் கிரேவி ஊற்றிய பிஸ்கட் ரொட்டியைத் திருட்டுத்தனமாய்த் தின்கிறான் என்று தெரிந்த ஆத்திரம்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. ஜூன் மாதம் சமையலறையில் நின்றவன் நின்றபடி சரிந்தான். டாக்டர் அவன் இதயக் குழாய்க்குள் வலை வைத்து, உப்பையும் கொழுப்பையும் விடு என்று சொல்லி அனுப்பினார். அவன் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் மூடியதோடு இன்ஷூரன்ஸும் போய்விட்டது. இன்னொரு தடவை சரிந்தால் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் வரும். பின்னாலேயே வீட்டைத் தூக்கிப்போக ஆள் வரும்.

சனிக்கிழமை காலை. ஓட்ஸ் கஞ்சியில் ஆப்பிளை நறுக்கிப் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"ஆறுது."

டெல்மர் ஸ்பூனை எடுத்தான். தின்றான். எழுந்துபோய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். பாறையை உடைத்துக் காலம் கழித்த கை, கிண்ணம் கழுவும்போது ஒரு சத்தம் எழுப்பவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நெல்டாவுக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

அவளுக்கும் உடம்பு சொன்னபடி கேட்காத வயது. ஐம்பது தாண்டிவிட்டது. மாதவிலக்கு வருவதும் போவதுமாய் ஆட்டம் காட்டியது. பள்ளிக்கூடச் சமையலறையில் புதிதாய்ச் சேர்ந்த வேலை. கொதிக்கிற அண்டா முன்னால் நிற்கும்போதே உள்ளிருந்து இன்னொரு அண்டா கொதித்துக் கழுத்துக்கு ஏறும். குளிர்பெட்டிக்குள் தலையைவிட்டு நின்றுவிட்டு வருவாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்த உடம்போடுதான் கோடை முழுக்கத் தோட்டத்து பீன்ஸைப் பறித்தாள். நார் உரித்து, ஒடித்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, பனிக்காலம்வரை கெடாமலிருக்கப் பெரிய பிரஷர் குக்கரில் ஏற்றி ஏற்றி இறக்கினாள். கடையில் வாங்கும் டின்னில் உப்பை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். இவள் ஜாடியில் ஒரு சிட்டிகை கிடையாது. பின்கட்டு அலமாரியில் தரையிலிருந்து கூரைவரை பச்சை. பனி விழுந்து தோட்டம் செத்தபிறகு அந்த வீட்டுக் காய்கறி அதுதான். சோளரொட்டியும் பீன்ஸும், உருளைக்கிழங்கும் பீன்ஸும், வினிகரும் வெங்காயமும் போட்டுப் பச்சடியாய் பீன்ஸும். டெல்மர் எதையும் தொடமாட்டான். கொழுப்பில்லாத பீன்ஸ் மாட்டுத் தீவனம் என்பது அவன் கட்சி.

பின்கதவு தட்டாமலே திறந்தது. டெல்மரின் அக்கா ஜெனீவா. பக்கத்து வீடு. புருஷன் போனபிறகு அவளுக்குத் தனி அடுப்பு பேருக்குத்தான்.

"என்னடா தம்பி, இன்னும் வாய்ல பூட்டுத்தானா?"

டெல்மர் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனான்.

"போறான் பாரு. எங்கப்பனும் இதே ஜாதிதான். கோவிச்சுக்கிட்டா மாசக்கணக்குல பேசமாட்டாரு. எங்கம்மா செத்த அன்னிக்குத்தான் வாயத் தொறந்தாரு. காபிப்பொடி எங்க இருக்குன்னு கேக்க."

"காலங்காத்தால சாவப்பத்திப் பேசாத, ஜெனீவா."

"சாவுக்குத்தான் வந்திருக்கேன், பொண்ணே. நம்ம சர்ச்சு ஆர்வில் போயிட்டாருல்ல, இன்னிக்கு அடக்கம். சர்ச்சுல சாப்பாடு. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோறாங்க. உன் பீன்ஸ் கொஞ்சம் குடு, நான் ஆக்கி எடுத்துட்டுப் போறேன். ஆர்வில் பொண்டாட்டியே வாய்விட்டுக் கேட்டா. நெல்டா அடைச்ச பீன்ஸ் இருக்குமான்னு."

நெல்டாவுக்கு முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"எடுத்துக்கோ. கொழுப்பு போடாத."

"சாவுச் சாப்பாட்டுக்கு வர்றவங்களயும் நீ நூறு வயசு வாழவெக்கணுமா?" என்றபடி ஜெனீவா ஜாடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

நெல்டா குக்கர் மூடியைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்தாள். யாரோ மானடித்து, ஒரு தொடையை இவர்களுக்கென்று கொடுத்திருந்தார்கள். மான் இறைச்சியில் கொழுப்பே கிடையாது. நெஞ்சுக்காரனுக்கு அதைவிட நல்லது இல்லை. அதையும் ஜாடியில் அடைத்துவிட வேண்டும். மூடிக்கு ரப்பர் வளையம் புதிதாய் வேண்டியிருந்தது.

விதை, தீவனம் விற்கும் கடையில் வளையம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் ஆட்ரி. மாவட்ட விவசாய ஆபீஸ் பெண். வருஷாவருஷம் கோடைக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் தங்கள் குக்கர் மூடியைக் கொண்டுபோய் அவளிடம் காட்டுவார்கள். மூடிமேல் இருக்கிற முள் அழுத்தத்தைச் சரியாய்க் காட்டுகிறதா என்று சோதித்துக் கொடுப்பாள். காசு கிடையாது.

"மிஸ் நெல்டா! இந்தத் தடவை உங்களக் காணவே இல்லையே?"

"அவருக்கு உடம்பு சரியில்லாமப் போச்சும்மா. சரி, வந்ததுக்கு இத ஒரு பார்வை பாத்துடு. என் முள்ளு பொய் சொல்லாது."

ஆட்ரி மூடியைத் தன் கருவியில் பொருத்தி, காற்றை அடித்தாள். அவளுடைய கருவியில் ஒரு முள், மூடியில் ஒரு முள். இரண்டையும் பார்த்தாள். காற்றை விட்டுவிட்டு மறுபடி அடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"கோடையில இதுலதான் பண்ணீங்களா?"

"இதுலதான்."

"எத்தனை பவுண்டுல வெச்சீங்க?"

"பதினொண்ணு. பீன்ஸுக்கு வேற எத்தனைல வெப்பாங்க?"

"மிஸ் நெல்டா, இங்க பாருங்க. உங்க முள்ளு பதினொண்ணுல நிக்குது. உள்ள இருக்கறது ஆறு. தாராளமாச் சொன்னா ஆறரை."

நெல்டா குனிந்து பார்த்தாள். அவளுடைய முள் பதினொன்றில் அசையாமல் நின்றது. கோடை முழுக்க அப்படித்தான் நின்றது. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துத் துடைத்து, அது ஒரு கோடு கீழே இறங்காமல் காவல் காத்தாளே.

"ஜாடி மூடி எல்லாம் உள்ள இழுத்துப் பிடிச்சுத்தான் இருக்கு, ஆட்ரி. ஒவ்வொண்ணா விரலால தட்டிப் பாத்தேன்."

"பிடிக்கும். அது வேற. மண்ணுலேர்ந்து வர்ற ஒரு கிருமி இருக்கு, அதுக்குக் காத்துப் புகாத இடம்தான் வேணும். சூடு போதலேன்னா சாகாம உள்ளயே குந்திக்கிட்டு விஷத்தக் கக்கும். வாடை வராது. நிறம் மாறாது. எல்லா ஜாடிலயும் இருக்குன்னு சொல்லமாட்டேன். எதுல இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நல்லாக் கொதிக்கவெச்சா?"

"கொதிச்சா விஷம் முறியும். ஆனா அத நம்பி வெச்சுக்குங்கன்னு நான் சொல்லமாட்டேன். தூக்கிப் போட்டுடுங்க. ஒரு வாய்கூடக் கொதிக்காம யாரும் தின்னுடக் கூடாது." ஆட்ரி குரலைத் தணித்தாள். "யாருக்காவது கண்ணு ரெட்டை ரெட்டையாத் தெரிஞ்சா, இமை தொங்கினா, நாக்கு குழறினா, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அப்புறம் மூச்சு நின்னுடும். தின்ன உடனே தெரியாது. மறுநாள் ஆகும், அதுக்கும் மறுநாள்கூட ஆகும்."

காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அந்த ஜூன் நாள் முழுசாய் நினைவுக்கு வந்தது. டெல்மர் சரிந்து கிடக்கிறான். ஆம்புலன்ஸ்காரர்கள் மேசையை இழுத்து ஒதுக்குகிறார்கள். மேசைமேல் இருந்த குக்கர் மூடி தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதி நின்றது. திரும்பி வந்தபோது எடுத்துத் துடைத்து வைத்தாள். முள் ஆடிப்போயிருக்கும் என்று யாருக்குத் தோன்றும் அப்போது?

ஜெனீவா. சாவுச் சாப்பாடு.

கார் ஓடைப் பாலத்தைத் தாண்டியபோது சர்ச் வாசலில் வண்டிகள் நிறைந்திருந்தன. அடக்கம் முடிந்துவிட்டது.

கீழ்த்தளக் கூடத்தில் நீள மேசைகள். பொரித்த கோழி, உருளை மசியல், பல் முளைக்காத பிள்ளை முதல் பல் போன கிழவர்வரை தின்னக்கூடிய இனிப்புகள். நடுவில் ஜெனீவா, பெரிய பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கரண்டியோடு நின்றாள். பாத்திரம் பாதிதான் இருந்தது.

"ஜெனீவா, கரண்டியக் கீழ வை."

"ஏன்? கொழுப்பு போட்டேன், ஒத்துக்கறேன். பன்னிக்கால் எலும்பும் போட்டேன். இப்ப என்னை அடிப்பியா?"

"எவ்வளவு நேரம் கொதிச்சுது?"

"உன் வீட்டுலேர்ந்து போனதும் ஏத்தினேன். இங்க கிளம்புற வரைக்கும் கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இங்க வந்தும் கொதிக்கவெச்சேன். ஏன், முகம் இப்படிப் போச்சு?"

நெல்டா மேசையைப் பிடித்துக்கொண்டாள். கொதித்திருக்கிறது. காலையெல்லாம் கொதித்திருக்கிறது. அப்படியே திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்குக் கோடையில் அவள் ஜாடி கொடுத்திருந்தாள். கையில் காசில்லாத வருஷம். யாருக்குக் குழந்தை பிறந்தாலும் யார் படுத்தாலும் அவளால் நீட்ட முடிந்தது ஒரு ஜாடி பீன்ஸ்தான்.

பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க." குரல் அவளுக்கே அந்நியமாய் இருந்தது. "என் குக்கர் முள்ளு கெட்டுப்போயிருக்கு. இந்த வருஷம் நான் அடைச்ச ஜாடி ஒண்ணும் நம்பறதுக்கில்ல. இது நல்லாக் கொதிச்சது, பயப்படாதீங்க. ஆனா வீட்டுல என் ஜாடி வெச்சிருக்கறவங்க தொறக்காதீங்க. தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடுங்க."

முள்கரண்டிகள் தட்டில் இறங்கின. ஒருத்தி கைத்துணியில் துப்பினாள். ஆர்வில் மனைவி, கறுப்பு உடையில், தன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் பீன்ஸ் தவிர வேறு எதையும் அவள் போட்டுக்கொள்ளவில்லை.

யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண் மட்டும், தேன் ஒழுகச் சொன்னாள்:

"அதனால என்ன, சிஸ்டர் நெல்டா. அடுத்த சாப்பாட்டுக்கு நீங்க பேப்பர் தட்டு கொண்டுவந்தாப் போதும்."

அந்தச் சர்ச்சில், சமைக்கத் தெரியாதவளைத்தான் பேப்பர் தட்டு கொண்டுவரச் சொல்வார்கள்.

வாசலில் ஜெனீவா அவளை எட்டிப் பிடித்தாள்.

"கொதிச்ச பீன்ஸ்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்குடி ஊரக் கூட்டி மானத்த வாங்கிக்கற?"

"குழந்தை பெத்தவளுக்குக் குடுத்திருக்கேன். உடம்பு முடியாத கிழவனுக்குக் குடுத்திருக்கேன். அவங்க கொதிக்கவெச்சாங்களான்னு நான் கண்டேனா?"

ஜெனீவா கையை நீட்டினாள். பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் கொட்டிக்கறேன். நீ போய் அலமாரியப் பாரு." சிறிது நின்று கேட்டாள்: "பனிக்காலத்துக்கு என்னத்தத் தின்னுவோம்?"

"தெரியல."

வீட்டில் நெல்டா அட்டைப்பெட்டிகளைத் தரையில் பரப்பி, ஜாடிகளை ஒவ்வொன்றாய் இறக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு வேளைச் சாப்பாடு. இது மழைக்கு முந்திப் பறித்தது. இது நுனி கிள்ளும்போது விரல் வெட்டிக்கொண்டது. மூடிகள் எல்லாம் அழகாய், அழுந்தி, பளபளவென்று இருந்தன. திறந்தால் வாசனைகூட நன்றாய்த்தான் இருக்கும். அதுதான் அவளை அழவைத்தது.

கொட்டகையிலிருந்து வந்த டெல்மர் கதவோரம் நின்றான்.

"என்ன பண்ற?"

ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. திரும்பாமலே சொன்னாள். மூடி விழுந்தது, முள், ஆறு பவுண்டு, கிருமி, பேப்பர் தட்டு. சொல்லச் சொல்ல ஜாடிகளை இறக்கிக்கொண்டே இருந்தாள்.

"அத்தனையுமா?"

"அத்தனையும். நீதான் ஒண்ணும் தொடமாட்டியே, உனக்கென்ன நஷ்டம்."

பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நெல்டா. கொதிக்கவெக்காமத் தின்னாத்தான் தப்புன்னாளா அந்த ஆட்ரி?"

அவள் கை நின்றது.

"ஏன் கேக்கற?"

"நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் பங்க் கடைக்குத்தான் கிளம்பினேன். வாசல்வரைக்கும் போனேன். அந்த டப்பா இருந்த இடம் காலியா இருந்துச்சு. என்னவோ மாதிரி ஆயிடுச்சு. திரும்பி வந்து ஒரு ஜாடி தொறந்தேன்." அவன் மேசையைப் பார்த்துப் பேசினான். "வெங்காயம் அரிஞ்சு வினிகர் ஊத்தினேன். நீ பண்ணுவியே, அப்படி. பாதி நேத்து மத்தியானம், மீதி இன்னிக்கு. உப்பு ஒரு துளி போடல. நீ வந்ததும் சொல்லணும்னு இருந்தேன்."

நெல்டா ஜாடியைக் கீழே வைத்தாள். அது சரியாய் உட்காரவில்லை, சாய்ந்து உருண்டது. அவள் பார்க்கவில்லை.

"அந்தப் பங்க் கடை பிஸ்கட்டத் தின்னு தொலைச்சிருக்கக் கூடாதா நீ?"

"மாட்டுத் தீவனம்னு சொன்னேனே, வாபஸ் வாங்கிக்கறேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னப் பாரு, டெல்மர். நேரா என்னப் பாரு."

அவன் நிமிர்ந்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அவள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். கண்ணோரச் சுருக்கத்தில் கழுவியும் போகாமல் தங்கிவிட்ட கரித்தூள், இமை, இமைமயிர். இடது இமை எப்போதும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்குமா? இத்தனை வருஷம் ஒன்றாய்ப் படுத்து எழுந்தும் அவளுக்கு நினைவில்லை.

"எத்தனை பேரு தெரியுது?"

"ரெண்டு நெல்டா," என்றான் அவன். "ஒருத்தி திட்டறா, ஒருத்தி அழறா."

"விளையாடாத."

"ஒருத்தியவே சமாளிக்க முடியல, ரெண்டு எதுக்குன்னு பாத்தேன்." சிரித்தான். வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாய் ஏறியதா என்று அவள் பார்த்தாள். ஏறிய மாதிரியும் இருந்தது, ஏறாத மாதிரியும் இருந்தது.

"கிளம்பு. ஆஸ்பத்திரி."

"மறுபடி அந்தப் படுக்கைல படுத்தா வீட்ட எழுதிக் குடுக்கணும், நெல்டா."

"குடுப்போம்."

அவன் வாதாடுவான் என்று காத்திருந்தாள். மலையைச் சுற்றி எவ்வளவு தூரம், ஒன்றுமில்லாததற்கு எவ்வளவு செலவு, நாளைக்குப் பார்ப்போம். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் தயாராய் இருந்தது. டெல்மர் எழுந்தான். பையில் கைவிட்டுப் பிக்கப் வண்டிச் சாவியை எடுத்து, அவள் பக்கம் நீட்டினான். அந்த வண்டியில் அவன் இருக்கும்போது வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவனேதான் ஓட்டினான்.

"நீ ஓட்டு," என்றான்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். முற்றத்தில் அக்டோபர் வெயில் சாய்ந்து கிடந்தது. டெல்மர் மெதுவாய் நடந்து, அந்தப் பக்கத்துக் கதவை அடைந்தான். கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டினான். கை, பிடிக்கு நாலு விரல் தள்ளி, வெறுங்காற்றைப் பிடித்து மூடிக்கொண்டது.